காலை எட்டு மணிக்கு இருட்டும் ஊர்

எங்கள் பிரதேச சபை எதையாவது சேமிக்கப் போகிறது என்று கேள்விப்பட்டால், ஊரில் விவரமானவர்கள் இருக்கிற வாளி, குடம், சட்டி எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிடுவார்கள். சபை சேமிப்பது எப்போதும் அடுத்தவன் வீட்டிலிருந்துதான் என்பது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம்.

இந்த முறை சபை இரண்டை ஒரேயடியாகச் சேமிக்கப் புறப்பட்டது. ஒன்று மின்சாரம், மற்றது தண்ணீர். திட்டத்துக்கு 'நாளைய தலைமுறைக்காய் ஒளியும் நீரும்' என்று பெயர் வைத்தவர் தவிசாளர் நல்லரத்தினம். பெயர் வைப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. சந்தைக்குப் பின்னால் குப்பை கொட்டுகிற பள்ளத்துக்கே 'பசுமை மீளெழுச்சி நிலையம்' என்று பலகை நட்டவர். நாற்றம் மட்டும் பழைய பெயரிலேயே வந்துகொண்டிருக்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். திட்டத்தின் முதலாவது வேலை நல்ல வேலைதான். வாவிக்குள் நாக்கு நீட்டியது போலக் கிடக்கிற நீர்முள்ளிமுனையில் தெருவிளக்குகள் இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தன. உச்சி வெயிலில் பஸ்ஸில் போகிறவர்கள் அதைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். அதை நிறுத்த, சந்தியில் உள்ள முதல் கம்பத்தில் ஒரு சென்சரைப் பூட்டுவதென்று சபை தீர்மானித்தது. இருண்டால் வரிசை முழுவதும் எரியும். விடிந்தால் அணையும். யாராலும் குறை சொல்ல முடியாத யோசனை. அதனால்தான் யாரும் அதைப் பற்றிக் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

யோசித்திருந்தால் பம்பு நினைவுக்கு வந்திருக்கும்.

நீர்முள்ளிமுனையில் எங்கே தோண்டினாலும் உவர்தான். ஊருக்கு வெளியே, கோயில் காணியில் ஒரேயொரு நல்ல தண்ணீர்க் கிணறு. போன தேர்தலுக்கு முந்திய தேர்தல் காலத்தில் அதற்குப் பம்பு பூட்டி, ஊருக்குள் பைப் இழுத்தார்கள். தண்ணீர்த் தாங்கி வைக்கக் கொங்கிரீட் கோபுரமும் கட்டினார்கள். கோபுரத்தில் தவிசாளரின் பெயர் ஆளுயரத்துக்கு இருக்கிறது. தாங்கி இல்லை. அது அடுத்த ஒதுக்கீட்டில் வருமாம். இப்போதைக்கு மேலே காகம் குடும்பம் நடத்துகிறது. தாங்கி இல்லாதபடியால் பம்பு ஓடினால் பைப்பில் தண்ணீர், நின்றால் காற்று.

அந்தப் பம்புக்குக் கரண்ட் எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம். தனி இணைப்பு எடுக்க மீற்றர் வேண்டும், மீற்றருக்கு விண்ணப்பம் வேண்டும், விண்ணப்பத்துக்குக் காலம் வேண்டும். தேர்தலோ கழுத்துக்கு வந்துவிட்டது. சபையின் மின் ஊழியர் ஏணியை வைத்து ஏறித் தெருவிளக்கு வயரிலேயே கொழுவிவிட்டார். நாடா வெட்டப்பட்டது. படம் பிடிக்கப்பட்டது. அன்றிலிருந்து நீர்முள்ளிமுனைக்குப் பகலில் தண்ணீர் வர வேண்டுமென்றால் பகலில் விளக்கெரிய வேண்டும். பஸ்ஸில் போனவர்கள் வீண் என்று உச்சுக்கொட்டியது, அந்த ஊர் குடித்த தண்ணீரை.

இது ஊருக்குத் தெரியும். சபைக்கும் தெரியும். ஆனால் உத்தியோகபூர்வமாகச் சபைக்குத் தெரியாது. சபைக்கு எது தெரியும், எது தெரியாது என்பதைத் தீர்மானிப்பதும் சபைதான்.

சென்சர் பூட்டிய மறுநாள் காலை பைப் காய்ந்தது. பொழுதுபட்டு விளக்கெரிந்த பிறகுதான் தண்ணீர் வந்தது. பெண்கள் இரவு நித்திரையைப் பகலுக்கும் பகல் வேலையை இரவுக்கும் மாற்றிப்போட்டு எப்படியோ சமாளித்தார்கள். சமாளிக்க முடியாத ஓரிடம் இருந்தது. அது சபைக்கே சொந்தமான பாலர் பாடசாலை. காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை நடப்பது. சரியாகத் தண்ணீர் இல்லாத நேரம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளிடம் கக்கூஸ் போகிற வேலையை இரவு ஏழு மணிக்கு வைத்துக்கொள்ளச் சொல்ல முடியாது. தவிசாளருக்குத் தோன்றியிருந்தால் சுற்றறிக்கை அனுப்பியிருப்பார்.

அங்கே ஆசிரியை கம்சாயினி. கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு, சபை கொடுக்கிற கொசுறுச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவள். அவளும் முதலில் சமாளிக்கத்தான் பார்த்தாள். மாலையில் போய் இரண்டு பரல்களில் தண்ணீர் நிரப்பி வைத்தாள். மூடி ஒன்றுக்கு இருந்தது. மற்றதற்குப் பலகை போட்டாள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பதியுதீன் டெங்குச் சோதனைக்கு வந்து, பலகையைத் தூக்கிப் பார்த்து, டோர்ச்சை அடித்தார். உள்ளே புழுக்கள் நெளிந்தன.

"ரீச்சர், இது குற்றம். பிள்ளைகள் இரிக்கிற இடம். இந்தத் தண்ணிய இப்பவே ஊத்தணும்."

"ஊத்தினா கக்கூஸுக்குத் தண்ணி இல்ல சேர்."

"தண்ணி இல்லாம நடத்துறதும் குற்றம்தான்."

"அப்ப எந்தக் குற்றத்த நான் செய்யிற? நீங்களே சொல்லுங்க."

பதியுதீன் நல்ல மனிதர். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எனக்கும் ரெண்டு பிள்ள இரிக்கி ரீச்சர். ஆனா எழுதாம விடேலா. வெள்ளிக்கிழமை வருவன். பைப்ப திறந்தா தண்ணி வரணும். இல்லாட்டி பூட்டித்தான் ஆகணும்."

கட்டடம் சபையுடையது என்பதால் அறிவித்தல் சபைக்குப் போனது. சபை அதை ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 'உமது உடனடிக் கவனத்துக்கு' என்று கம்சாயினிக்கே திருப்பி அனுப்பியது. தண்ணீரை நிறுத்தியவர்கள், தண்ணீர் ஏன் இல்லை என்று அவளிடம் விளக்கம் கேட்டார்கள்.

பாலர் பாடசாலை பூட்டினால் என்ன ஆகும் என்று கம்சாயினிக்குத் தெரியும். தாய்மார் பாதிப்பேர் காலையில் இறால் கொம்பனிக்கும் வயலுக்கும் போகிறவர்கள். பிள்ளைகள் வாவிக்கரையில் விளையாடும். வாவிக்குப் பிள்ளை எது, பந்து எது என்று தெரியாது. போன வருடம் பாடசாலைக்கு அனுப்பாத ஒரு பிள்ளையை வலைக்காரர்கள்தான் தூக்கிவந்தார்கள்.

அவள் சபைக் கந்தோருக்குப் போனாள். தவிசாளர் முன் கதிரை நுனியில் இருந்தாள்.

"சேர், பம்பு தெருலைற் வயர்லதான் ஓடுது. பகல்ல லைற் நிண்டா பம்பும் நிண்டுரும்."

"ஆர் சொன்ன?"

"ஊருக்கே தெரியும் சேர்."

"அந்தப் பம்பத் திறந்து வச்சது ஆர் ரீச்சர்?"

"நீங்கதான் சேர்."

"மீற்றர் இல்லாத பம்ப நான் திறப்பனா?"

கம்சாயினி அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள். "திறந்தீங்க சேர்."

நல்லரத்தினம் கோபப்படவில்லை. அவர் கோபப்படுவது மேடையில் மட்டும்தான். இங்கே குரலைத் தாழ்த்தினார்.

"இஞ்ச பாருங்க பிள்ள. மீற்றர் இல்லாமக் கரண்ட் எடுக்கிறது பாரிய குற்றம். நீங்க இப்ப சொல்லுறது என்னண்டா, ஒங்கட ஊர் இவ்வளவு காலமும் களவுத் தண்ணி குடிச்சதெண்டு. நான் அதக் காதில போட்டுக்கல்ல. ஒங்கட நன்மைக்குத்தான்."

"வயரக் கொழுவினது சபையிர ஆள் சேர்."

"அவர் இப்ப பென்சன்." விஷயம் அத்தோடு தீர்ந்தது போல ஒரு தாளை அவள் பக்கம் திருப்பினார். "இதப் பாருங்க. நீர்முள்ளிமுனையில தண்ணிப் பாவனை பாதியாக் குறைஞ்சிருக்கு. மாவட்டத்தில எந்தச் சபையும் செய்யாத சாதனை."

"வராத தண்ணிய எப்பிடி சேர் பாவிக்கிற?"

"அதுக்குப் பேர்தான் சேமிப்பு ரீச்சர்."

பிறகு, அவள் வந்தது நல்லதாய்ப் போயிற்று என்றார். மாகாணத்திலிருந்து விருதுக்கான மதிப்பீட்டுக் குழு அடுத்த வாரம் வருகிறது. நீர்முள்ளிமுனைதான் முன்மாதிரிக் கிராமம். பிள்ளைகள் குறைந்த தண்ணீரில் கை கழுவிக் காட்ட வேண்டும். "சின்னஞ்சிறுசுகள் செய்தாத்தான் மனசத் தொடும்" என்றார். எந்தத் தண்ணீரில் என்று அவள் கேட்டாள். அவர் தொலைபேசியை எடுத்துவிட்டார்.

திரும்பி வந்து சந்தியில் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கம்பத்தடியில் சதீசன் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தான். வாவியில் மீன்பிடிக்கிறவன். மகன் நிதுர்ஷன் அவளிடம் படிக்கிறான். அவள் முகத்தைப் பார்த்ததும் ஊசியை வைத்தான்.

"என்ன ரீச்சர், சேர்மன் என்ன சொன்ன? தண்ணிக்குப் பதிலா அறிக்கை தாறனெண்டாரா?"

"மீற்றர் இரிக்காம்."

"அப்ப அவர்ர வீட்ட இரிக்கும். தேடிப் பாக்கச் சொல்லுங்க." அண்ணாந்து கம்பத்தைப் பார்த்தான். உச்சியில் சென்சர் ஒரு குண்டு முட்டை மாதிரி வெயிலில் மினுங்கியது. "இந்தா, இதான் இப்ப எங்கட தண்ணி மந்திரி. இவர் கண்ண மூடினாத்தான் பைப்பில தண்ணி."

கம்சாயினியும் அண்ணாந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப மூடுவமே" என்றாள்.

பாடசாலையில் வண்ணப் பென்சில் போட்டு வைத்திருந்த பெரிய பால்மாத் தகரப் பேணியை அவளே கொட்டி எடுத்து வந்தாள். சதீசன் தோணி தள்ளுகிற கம்பின் நுனியில் ஒரு கவட்டையைக் கட்டி, பேணியை அதில் கவிழ்த்து, எட்டித் தூக்கிச் சென்சர்மேல் தொப்பி போடுவதுபோலப் போட்டான். முதல் தரம் விழுந்தது. இரண்டாம் தரம் இருந்தது. சென்சர் கொஞ்ச நேரம் குழம்பிக்கிடந்தது. பிறகு, இரவு வந்துவிட்டதென்று நம்பிவிட்டது. நட்ட நடுப் பகலில் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண்ணைத் திறந்தன. கோயில் காணிப் பக்கமிருந்து பம்பு இருமுகிற சத்தம் கேட்டது. சந்திக் குழாய் காற்றைக் கக்கி, துருவைக் கக்கி, கடைசியில் தண்ணீரைத் தந்தது.

அன்றிலிருந்து நீர்முள்ளிமுனையில் காலை எட்டு மணிக்கு இருட்டும். பன்னிரண்டு மணிக்கு விடியும்.

வெள்ளிக்கிழமை பதியுதீன் வந்தார். பைப்பைத் திறந்தார். தண்ணீர் வந்தது. கக்கூஸைப் பார்த்தார். திருப்தி. வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் ஏறப்போனவர் நின்றார்.

"ரீச்சர், பட்டப் பகல்ல லைற் எரியிதே?"

"ஓம் சேர்."

"பகல்ல எரியாத லைற்றெண்டு சபையில விழாவெல்லாம் வச்ச?"

"இஞ்ச இன்னும் விடியல்ல சேர்."

அவர் அவள் பார்த்த திசையில் பார்த்தார். கம்பத்தின் உச்சியில் பால்மாப் பேணியிலிருந்து ஒரு கொழுத்த குழந்தை சிரித்தது. பதியுதீன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார். உள்ளே சிரித்தாரோ என்னவோ, தோள் குலுங்கியது. "நான் தண்ணியப் பாக்க வந்தவன். லைற் என்ட இலாகா இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதிப்பீட்டுக் குழு வந்த நாள் காலை பத்து மணிக்கு இரண்டு ஜீப்புகளும் ஒரு வானும் வந்து நின்றன. தண்ணீர்ச் சேமிப்பைப் பார்க்க வந்தவர்களுக்காகப் போத்தல் தண்ணீர் மூன்று பெட்டி இறக்கினார்கள். குழுத் தலைவி நல்ல பருத்திச் சேலை உடுத்த அம்மா. சாந்தமான முகம். நல்லரத்தினம் அவருக்குக் குடை பிடித்து வந்து, பேச வாயெடுத்தபோதுதான் அண்ணாந்து பார்த்தார். அவருடைய சேமிப்புத் திட்டத்தின் அத்தனை விளக்குகளும் சூரியனோடு போட்டி போட்டுக்கொண்டு எரிந்தன.

அவர் முகம் போன போக்கை ஊரால் ரசிக்க முடியவில்லை. ஏனென்றால் பிள்ளைகள் அப்போது வரிசையில் நின்று கையில் சவர்க்காரம் பூசிக்கொண்டிருந்தார்கள்.

"அதக் கழட்டு" என்று பேணியைக் காட்டிச் சபை ஊழியரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

கம்சாயினி ஓடி வந்தாள். "சேர், இப்ப வேணாம். பிள்ளையள் கை கழுவட்டும். பிறகு கழட்டுங்க."

"சபையிர சொத்துக்குச் சேதம் விளைவிச்சது ஆரெண்டு மறுகா விசாரிப்பன்."

"நான்தான் சேர். விசாரிங்க. இப்ப ஒள்ளம் பொறுங்க."

பொறுக்கவில்லை. ஏணி வைத்தார்கள். பேணி கீழே உருண்டது. விளக்குகள் அணைந்தன. குழாயில் தண்ணீர் நூலாகி, சொட்டாகி, நின்றது. இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நுரைக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நிதுர்ஷன் கண்ணைக் கசக்கிவிட்டான். வீறிட்டு அழத் தொடங்கினான். அடுத்ததும் அழுதது. அழுகை பிள்ளைகளுக்குள் எப்படிப் பரவும் என்பது தெரிந்ததுதானே.

"ஏன் தண்ணீர் நின்றது?" என்று தலைவி கேட்டார்.

நல்லரத்தினம் ஒரு விநாடிதான் எடுத்தார். அந்த ஒரு விநாடியை வைத்தே இவ்வளவு காலமும் அரசியல் செய்கிறார்.

"இதுதான் மெடம், எங்கள் தானியங்கி நீர்ச் சேமிப்பு முறை. அளவுக்கு மேல் பாவித்தால் தானாகவே நின்றுவிடும்."

தலைவி வியந்து கைதட்டினார். கூட வந்தவர்களும் தட்டினார்கள். கண்ணெரிந்து கதறுகிற பிள்ளைகளைச் சுற்றி நின்று தட்டினார்கள்.

கம்சாயினி யாரிடமும் கேட்கவில்லை. விருந்தினர் மேசைக்குப் போய்ப் போத்தல் பெட்டியை இழுத்துக் கிழித்தாள். ஒவ்வொரு போத்தலாகத் திறந்து பிள்ளைகளின் கண்ணிலும் கையிலும் ஊற்றினாள். மூன்று பெட்டியும் முடிந்தது. பிறகு வெற்றுப் போத்தலோடு தலைவி முன்னால் வந்து நின்று, வயர், பம்பு, மீற்றர், பேணி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். தலைவி பொறுமையாகக் கேட்டார்.

"நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் எங்களுடைய மதிப்பீட்டில் சேமிப்புக்கு மட்டும்தான் புள்ளி. விநியோகம் வேறு பிரிவு."

விருது கிடைத்தது. சபை வாசலில் பட்டாசு கொளுத்தினார்கள். மறுநாள் சென்சரைச் சுற்றி இரும்புக் கூடு அடித்துப் பூட்டுப் போட்டார்கள். சதீசன் கம்போடு வந்து பார்த்துவிட்டு, சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லித் திரும்பிப் போனான். தண்ணீருக்கு ஒரு தாங்கி வைக்க வக்கில்லாதவர்களிடம் கூடு அடிக்கக் காசு இருந்தது.

பதியுதீன் மறுபடி வந்தார். பைப்பைத் திறந்தார். காற்று. படியில் இருந்து எழுதினார். எழுதும்போது தலையை உயர்த்தவில்லை.

"பூட்டத்தான் வேணும் ரீச்சர். தண்ணி இல்லாத கட்டடத்தில நடத்தேலா."

"சரி சேர்."

"நான் சொல்லுறத வடிவாக் கேளுங்க. கட்டடத்தத்தான் பூட்டச் சொல்லி எழுதியிரிக்கன். பாடசாலைய இல்ல. சபைக்குச் சொந்தமான, பகல்ல தண்ணி வாற வேற கட்டடத்தில தாராளமா நடத்தலாம். சட்டம் அவ்வளவுதான்."

அவர் போன பிறகும் கம்சாயினி படியிலேயே இருந்தாள். சபைக்குச் சொந்தமான, பகலில் தண்ணீர் வருகிற கட்டடம் இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

திங்கட்கிழமை, மக்கள் சந்திப்பு நாள். சபைக் கந்தோரில் காணிப் பிரச்சினைக்காரரும் வடிகான் பிரச்சினைக்காரரும் வாங்குகளில் நிறைந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் பிள்ளைகள் ஒரே கயிற்றைப் பிடித்தபடி வரிசையாக உள்ளே வந்தார்கள். பின்னால் தாய்மார் பாயும் கரும்பலகையும் கொண்டு வந்தார்கள். வேலைக்குப் போக வேண்டியவர்கள் அன்று போகவில்லை. கம்சாயினி பாயை மண்டபத்தின் நடுவில் விரிக்கச் சொன்னாள். அறைக்குள் இருந்த தவிசாளர் யாரோ ஒரு பிள்ளையின் சத்தம் கேட்டு வெளியே வந்தார்.

"இதென்ன ரீச்சர்?"

"நேசறி சேர். சபைக் கட்டடம்தானே. கக்கூஸ் எங்க?"

"இது அலுவலகம். ஆக்களுக்குச் சேவை செய்யிற இடம்."

"இவங்களும் ஆக்கள்தான் சேர். சின்ன ஆக்கள்."

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு கிழவர் எழுந்து பிள்ளைகளுக்கு இடம் விட்டார். நல்லரத்தினம் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். அவள் போகவில்லை. இருந்த இடத்திலேயே பதில் சொன்னாள். அவரும் வேறு வழியில்லாமல் எல்லோருக்கும் கேட்கப் பேச வேண்டியிருந்தது.

"எவ்வளவு நாளைக்கு இந்தக் கூத்து?"

"பம்புக்கு மீற்றர் வருமட்டும்."

"மீற்றர் இரிக்கெண்டு நான் சொன்னனே."

"அப்ப வாங்க சேர், எல்லாருமாப் போய்ப் பாப்பம். இவங்களும் வருவாங்க." வாங்குகளைக் காட்டினாள். வடிகான் பிரச்சினைக்காரர்கள் உற்சாகமாக எழுந்து நின்றார்கள்.

தவிசாளர் வாயைத் திறந்து மூடினார். அந்த ஒரு விநாடி போயிற்று. இன்னொரு விநாடியும் போயிற்று. எங்கள் சபை வரலாற்றில் முதன்முறையாக நல்லரத்தினத்துக்குச் சொல்லப் பெயர் கிடைக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தப் பார்த்தார். ஒரு பிள்ளை அவருடைய கழிவறைக்குப் போகிற வழியில் கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

மின்சாரக் கந்தோருக்கு அவர் பேசியது மண்டபம் முழுவதும் கேட்டது.

"ஓம், ஒரு புதுப் பம்பு. நீர்முள்ளிமுனையில. மீற்றர் அவசரம்."

"பழைய பம்பு சேர்" என்றாள் கம்சாயினி, பாயில் இருந்தபடியே.

அவர் தொலைபேசியின் வாயைக் கையால் பொத்தினார். "புதுசெண்டு சொன்னாத்தான் பிள்ள நான் தப்புவன்."

"நீங்க தப்புறதுக்கு நான் பொய் சொல்லமாட்டன். இன்னொரு தரம் திறந்து வைங்க, பேர்க் கல்லும் நட்டுக்கொள்ளுங்க, அது ஒங்கட பாடு. எங்களுக்குப் பகல்ல தண்ணி வரோணும். அது வருமட்டும் காலம எட்டு மணிக்கு இஞ்ச வருவம்."

நல்லரத்தினம் கையை எடுத்து, "பழசுதான்" என்றார் தொலைபேசியில். "மீற்றர் இல்ல. ஓம். இல்லத்தான். நான் சொல்லுறன்தானே, இல்ல." மறுபக்கத்தில் யாரோ நிறையக் கேள்வி கேட்டிருக்க வேண்டும். அவருடைய குரல் ஏறிக்கொண்டே போனது.

கம்சாயினி பிள்ளைகளை வட்டமாக இருத்தினாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பினாள்.

"ஒள்ளம் மெதுவாக் கதையுங்க சேர். பாடம் நடக்குது."